ஓகே அழுத்திய விரல்

"அய்யோ...! போச்சே... எல்லாம் போச்சே!"

அவள் போட்ட அலறலில் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரே அதிர்ந்தது.

திரையில் பச்சைக் கோடு ஒன்று விறுவிறுவென்று நகர்ந்தது. சற்றுமுன் அங்கே நின்ற எச்சரிக்கை: 'இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும்.'

'ஓகே'யை அழுத்தியது மெக்கானிக் அல்ல...

அவளுடைய கொழுந்தன்!

"கை பட்டுடுச்சு அண்ணி!"

"மேஜையைச் சுத்திக்கிட்டு வந்தாடா படும்?"

அவள் புருஷன் கல் உடைக்கும் ஆலையில் ஃபோர்மேன். மெஷின் வாயில் சிக்கிய கல்லை எடுக்கக் கடப்பாரையோடு உள்ளே இறங்கினான்.

மெஷின் ஓடியது.

உடலை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள்.

உள்ளே இறங்குகிறவன் தன் துண்டை ஸ்விட்ச்மேல் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். துண்டு கிடந்தால் ஒருவனும் ஸ்விட்சைத் தொடமாட்டான்.

"அண்ணன் அன்னிக்குத் துண்டு போட மறந்துட்டாரு" என்று சாட்சி சொன்னவன் இந்தத் தம்பி. இப்போது ஃபோர்மேனும் இவன்தான்.

ஆலைக் கேமராப் பதிவில் மிஞ்சியிருந்த ஒரே பேக்கப் நகல், கேபிளில் மாட்டியிருந்த இந்த டிரைவ். விசாரணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. பதிவை ஓட்டும் சாஃப்ட்வேரையும் ஏற்றி, டிரைவிலிருந்தே கம்ப்யூட்டர் பூட் ஆகிக் கிளம்புகிற மாதிரி செய்துதரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டிருந்தாள். உள்ளே இருப்பது ஒன்றுகூட அழியாமல்!

"விடுங்க அண்ணி. படத்தைப் பாத்தா மட்டும் அண்ணன் எழுந்து வரப்போறாரா?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

'ஸ்க்ரூ' என்று தெருவே கூப்பிடும் அந்த மெக்கானிக் பெண் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

டிரைவிலிருந்து பூட் ஆனது!

"அழாதீங்கக்கா. ஒண்ணும் போகல."

"எ... என்னது?" கொழுந்தன் திரைப் பக்கம் குனிந்தான்.

"சார் வாசல்ல நின்னு போன் பேசிட்டிருந்தப்பவே டிரைவை ரெண்டாப் பிரிச்சுட்டேன். ஒரு பக்கம் பழைய பேக்கப். இன்னொரு பக்கம் காலி இடம். சார் அழிச்சது காலி இடத்தை!"

அவன் கேபிள்மேல் பாய்ந்தான்.

"பிடுங்குங்க சார், தாராளமா! பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்துப் பீரோல பூட்டிட்டேன். அது இல்லாம யார் டிரைவ்லயும் நான் கை வெக்கிறதில்ல."

அவன் கை அந்தரத்தில் நின்றது.

படம் ஓடியது.

ஸ்விட்ச். அதன்மேல்... துண்டு!

ஒரு கை அதை உருவியது. பட்டனை அழுத்தியது. பிறகு கேமரா பக்கம் திரும்பியது ஒரு முகம்.

அண்ணி எழுந்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"இதுவும் கை பட்டதுதானா, தம்பி?"

அவன் வாசலுக்குத் தாவுவதற்குள் ஸ்க்ரூ ஷட்டரைத் தடதடவென்று இழுத்து இறக்கினாள். போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"தள்ளி நில்லுங்க சார்... இந்தத் தடவை பட்டன் அழுத்துறது என் முறை!"