மரத்தின் பங்கு

உச்சியடைப்புக்கான சங்கு ஊதியதும் தெருவில் மின்சாரம் நின்றது. வீடுகளுக்குள் குளிரூட்டிகள் அடங்க, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைக்குழந்தை, பனையோலை விசிறி, பாதி ஆய்ந்த கீரை என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஜனங்கள் ஆவுடையப்பன் வீட்டு வளாகத்துக்குள் வந்து மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் ஓடும். பாளையங்கோட்டைக்கு உள்ள மின்சாரம் முழுக்க அப்போது அங்கே போய்விடும். அந்த நேரத்தில் சுவருக்குள் இருப்பவன் வெந்துபோவான். நிழலில் இருப்பவன் பிழைப்பான்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகே ஆவுடையப்பன் வெளியே வருவார். வெளுத்த வேட்டி, பித்தளைக் குடம், எழுபது கடந்தும் வளையாத முதுகு. மரத்தின் தொட்டியிலிருந்து மகன் மொண்டு வைத்த நீரைக் குடம் குடமாக வேரில் ஊற்றுவார். அந்த வீட்டில் மூத்த ஆண் மட்டுமே மரத்துக்கு நீர் ஊற்றலாம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் ஊற்றினார். மரத்தின் நீரை வீட்டார் யாரும் வாயில் வைப்பதில்லை. தெருவுக்குக் கொடுத்ததைத் தானே எடுத்துக் குடிப்பது ஈனம் என்பது அந்தக் குடும்பத்தின் எண்ணம்.

கொஞ்ச நாளாக மரம் சரியில்லை. முதலில் இலைநுனிகள் கருகின. அப்புறம் இலைகள் கொட்டத் தொடங்கின. நிழலில் ஓட்டைகள் விழுந்து, ஜனங்கள் வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு நெல்லையம்மாள் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, உங்க மரத்துக்கும் தலை வழுக்கையாகுது போலுக்கே." எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மறுநாளே மரவைத்தியக்காரியை வரச் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா ஒரு வண்டியும் இரண்டு டிரோன் வாள்களும் வைத்து அந்த வட்டாரத்தில் மரத்தொழில் நடத்துகிறவள். ஐம்பது வயதிருக்கும். வளாகத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பராமரிப்புக்குக் கூப்பிட்டீங்களா, அகற்றுறதுக்குக் கூப்பிட்டீங்களா அண்ணாச்சி? ரெண்டுக்கும் சாமான் வேற" என்றாள்.

"அகற்ற உன்னை எதுக்குக் கூப்பிடுதேன்? குணமாக்கு."

அவள் சாறுமானியின் ஊசியை அடிமரத்தில் இறக்கினாள். கையளவு திரையில் கோடுகள் ஓடின. திரையை அவரிடம் திருப்பிக் காட்டினாள். உப்பு. இலையிலும் பட்டையிலும் வேரிலும் உப்பு. மண்ணுக்கடியில் உவர்க்குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். ஆலையில் மிஞ்சும் உவர்நீர் கழுவுவதற்காக வீட்டுக்கு வீடு தனிக்குழாயில் வருகிறதே, அது இரண்டு தெரு தள்ளி உடைந்து ஒரு வேப்பமரத்தைக் கொன்றதையும் சொன்னாள். இனி நன்னீர் விட்டுக் கழுவினாலும் இந்த மரம் திரும்பாதாம். தெருப்பக்கக் கிளைகள் உள்ளுக்குள் காய்ந்துவிட்டன. காற்றடித்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விழும்.

"நாளைக்கு உச்சிக்கு முன்னால வெட்ட வாரேன். நீங்க சொல்ல வேண்டியதை யோசிச்சு வைங்க" என்று கிளம்பினாள்.

சொல்ல வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். தெருவுக்கு நிழல் தரும் மரம் அந்த வீட்டு நீரட்டையில் ஓர் ஆளாகப் பதிவாகும். வளர்ந்த ஆளுக்கு எவ்வளவு நீரோ அவ்வளவு அதற்கும் உண்டு. அட்டையில் எத்தனை பங்கோ அத்தனை உயிர்தான் அந்த வீட்டில் இருக்க முடியும். மரம் தானாகச் செத்தால் அதன் பங்கு வீட்டுக்கே நிற்கும். மனிதக் கையால் செத்தால் பங்கு ஊருக்குத் திரும்பிவிடும். எப்படிச் செத்தது என்பதை வீட்டின் மூத்தவர் மரத்தடியில் நின்று தெருவின் முன்னால் சொல்ல வேண்டும். அவர் சொல்லே சாட்சி. மேலே விசாரணை கிடையாது. ஊர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. மேலத்தெருவில் ஒருவன் மாடி கட்டுவதற்காகப் புங்கமரத்தைப் பட்டுப்போக வைத்தபோது, இனி அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று முதலில் சொன்னவர் ஆவுடையப்பன்தான். இன்றுவரை மிதிக்கவில்லை.

ஜெசிந்தா போன பிறகு கசிவைத் தேடி வீட்டின் பின்பக்கம் போனார். தொட்டியை நிரப்புவது மகன் கோமதிநாயகத்தின் வேலை. ஊற்றுவது மட்டுமே அவருடையது. அதனால் அவர் அந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. தரை காய்ந்து கிடந்தது. கசிவு எங்கும் இல்லை. தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள் இருந்தன. நீல நிற நன்னீர்க் குழாயின் திருகு கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. சாம்பல் நிற உவர்க்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் விரலைத் தொட்டியில் முக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, நாக்கில் வைத்தார். கரித்தது. துப்பத் தோன்றாமல் விழுங்கினார். எத்தனை குடம் ஊற்றியிருப்போம் என்ற நினைப்பு வந்ததும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முதுகை நிமிர்த்திக்கொண்டு, தன் கையாலேயே.

மகன் வேலையிலிருந்து வந்ததும் பின்பக்கம் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினார். கோமதிநாயகம் மறுக்கவில்லை. மருமகள் பூங்கோதை கதவருகில் வந்து நின்றாள். அவள் கை வயிற்றின்மேல் இருந்த விதத்தைப் பார்த்ததும் அவருக்கு மீதி புரிந்தது. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேல."

"சொன்னேன்பா. மரத்தைக் காய விட்ருவோம்னு கேட்டேன். மரத்தைப் பலிகொடுத்துட்டுப் பிள்ளை பெத்தான்னு தெரு பேசும், நம்ம வீட்டுக்கு அது ஆகாதுன்னீங்க. நான் போன பொறவு என் பங்கு இருக்கு, அதுவரை பொறுன்னீங்க."

"பொறுக்க முடியலையோ?"

"எதுக்குப் பொறுக்கது? நீங்க சாகதுக்கா?" என்றான் கோமதிநாயகம். "காலையில நீங்க எந்திரிக்க நேரமானா, இவ வாசல்ல வந்து எட்டிப் பாப்பா. மூச்சு இருக்கான்னு. இருந்தா சந்தோசப்படுறதா என்னன்னு எங்களுக்கே தெரியலை. அப்படி இருக்க முடியாதுப்பா. அதான் மரம்."

ஆவுடையப்பனுக்கு அதில் அன்பு இருப்பது கேட்டது. அது இருந்ததுதான் தாங்க முடியவில்லை. வெறும் பேராசையாக இருந்திருந்தால் கையை ஓங்கியிருப்பார்.

"வெட்டியிருக்கலாமே. கோடாலியை எடுத்து உன் கையால வெட்டியிருக்கலாம். என் கையை ஏம்ல எடுத்தே?"

பூங்கோதைதான் பதில் சொன்னாள், மெதுவாக. "நீங்க ஊத்தினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க மாமா."

அன்று அவர் சாப்பிடவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் தெரு முன்னதாகவே கூடிவிட்டது. துக்க வீட்டுக்கு வருவதுபோல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். ஜெசிந்தா பதிவுக்கருவியை அவர் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்: இந்த மரம் தானாகச் செத்ததா, கையால் செத்ததா?

ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தார். உண்மை அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் பங்கு போகும். பூங்கோதை வயிற்றில் இருப்பதற்கு இந்த ஊரில் ஒரு சொட்டு நீர் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நீர்ப்பங்கு இல்லாதவர்களின் முகாமுக்குப் போக வேண்டும். முகாமிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்தவர்களை அவர் பார்த்ததில்லை. சொல்லாவிட்டால், அப்பாவும் தாத்தாவும் தெருவுக்குக் கொடுத்துவந்த சொல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அது முடிந்தது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"தானா" என்றார்.

நெல்லையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி மாதிரி யாரு பாத்துக்கிட்டா? அவருக்கே போக்குக் காட்டிட்டே" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள். அங்கேயே தன்னைப் பிளந்து போட்டிருந்தாலும் அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டிரோன் வாள்கள் ஏறின. ஜெசிந்தா கெட்டிக்காரி. ஒரு சுள்ளிகூடத் தெருவில் விழாமல் மேலிருந்து கீழாகக் கழித்து வண்டியில் ஏற்றினாள். அடிமரத்தைத் துண்டுபோட்டபோது வெட்டுவாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மேலே தார்ப்பாயை இழுத்து மூடினாள். வெட்டின துண்டில் ஒன்று வீட்டுக்கு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையசைத்தார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

சங்கு ஊதியது. ஜனங்கள் எழுந்து அடுத்த தெரு ஆலமரத்துக்கு நடந்தார்கள். அங்கே இடம் கிடைக்குமா என்று அவர்கள் பேசிக்கொண்டு போனது கேட்டது. வளாகத்தில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள்.

கோமதிநாயகம் கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான். பிறப்பது ஆணானால் அவர் பேரையே வைப்பதாகச் சொன்னான். அவர் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பிடி கொடுக்கவும் இல்லை.

"ஒண்ணு கேக்கேன். சொல்லு" என்றார்.

"கேளுங்கப்பா."

"இதுக்குத் துணையா இன்னொரு பிள்ளை வேணும்னு பின்னால தோணிச்சுன்னா? அப்ப மரம் இருக்காதேல."

கோமதிநாயகம் வாயைத் திறந்தான். ஒரு பிள்ளை போதும் என்று அவன் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நொடி போதும். அவன் திரும்பிப் பூங்கோதையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆவுடையப்பன் பதிலுக்காக நின்றார். முதுகை வளைக்காமல்தான் நின்றார். வெயில் நேராகத் தலைமேல் இறங்கியது.