கலக்காத தண்ணீர்

சோப்பை முகர்ந்துவிட்டு மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, சேறு நாறுது."

அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை. காலையில்தான் உறை பிரித்த கட்டி.

"மூக்கைச் சிந்துடி, கழுதை."

சிந்தினாள். பால் டம்ளரை முகர்ந்தாள்.

"இதுவும்."

தெருவில் அம்மாவை லேப் அக்கா என்பார்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் ஆபீஸ் லேபில் சோதித்து நல்லது கெட்டது சொல்பவள். ஊருக்கு வெளியே குளக்கரையில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடந்தபோதும் அவள்தான் சொன்னாள். முகாம் கேட்டில் ஒட்டிய தாளில் 'பாதுகாப்பானது' என்று இருந்தது. அதன் கீழே அவள் கையெழுத்து. அதைப் பார்த்துத் தெருவே பிள்ளைகளை அனுப்பியது. சேற்றுச் சரிவில் வழுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் தலைகுப்புற விழுவதுதான் விளையாட்டு. மகள் நாற்பது தடவை விழுந்தாளாம். பல்லில், காதில், மூக்கில் சேற்றோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அது ஐந்து நாளைக்கு முன்.

கோடையில் அடிச்சேற்றைக் காலால் கலக்கி, ஆறு இடத்தில் தண்ணீர் எடுக்கவேண்டும். வெதுவெதுப்பான சேற்றில் இருக்கும் அமீபா, கால் படும்வரை மேலே வராது. மேலே வந்தால் மூக்கு வழியாக மூளைக்குப் போகும். இது அவளுக்குத் தெரியும். ஆனால் முகாமுக்காகத் தண்ணீர் எடுத்த அன்று புதுச் செருப்பு. கரைப் பலகையில் குந்தி, கண்ணாடிபோல் இருந்த மேல்தண்ணீரை ஒரே குடுவையில் மொண்டாள். அதையே ஆறு பாட்டிலில் ஊற்றினாள். படிவத்தில் 'கலக்கி எடுத்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஆபீசில் எல்லோரும் செய்வதுதான். முடிவு சுத்தமாக வந்தது. வராமல் என்ன செய்யும்?

பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. கிளினிக்கில் டாக்டர் கேட்டார்:

"குளம், குட்டை, சேறுன்னு எங்கேயாவது விளையாடினாளா?"

மகள் வாயைத் திறந்தாள். அவள் கை மகளின் தோளில் விழுந்தது. அழுத்தியது.

"இல்ல டாக்டர். வெயில்ல சுத்தினா. அவ்வளவுதான்."

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெளிச்சம் குத்துகிறது என்றாள் மகள். திரையை இழுத்துவிட்டுப் படுக்கவைத்தாள். உச்சி வெயில் திரையின் ஓரங்களில் மட்டும் கோடாக எரிந்தது. அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. போய் இறுக்கி மூடினாள். சொட்டுவது நிற்கவில்லை. சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது. சாயங்காலம் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் வேலை போகும். இறங்கிவிடும். சிரப் கொடுத்தாயிற்றே.

தலையணையைத் தொட்டாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

சேறு.

"கண்ணு, குனி. தாடையை நெஞ்சுல வை பாக்கலாம்."

கழுத்து வளையவில்லை. முகம் கூரையைப் பார்த்தபடியே இருந்தது.

"இல்ல டாக்டர்," என்றாள் மகள். "வெயில்ல சுத்தினா. அவ்வளவுதான்."

"அம்மாடி, நான்தான்டி. அம்மா."

"இல்ல டாக்டர்."

போனை எடுத்தாள். கிளினிக் எண். கை வழுக்கியது. மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அதற்குள் வாசலில் எதிர்வீட்டுக்காரியின் குரல்.

"லேப் அக்கா! எங்க குண்டன் என்னமோ உளர்றான், கொஞ்சம் வந்து பாருங்க. 'இல்ல டாக்டர், வெயில்ல சுத்தினா, அவ்வளவுதான்'ங்கறான். நாங்க டாக்டர்கிட்ட போகவே இல்லையேக்கா."

மகளைத் தூக்கித் தோளில் போட்டாள். விறைத்திருந்தாள், பலகைபோல. கதவைத் திறந்தாள்.

வெள்ளை வெயில். தெரு முழுக்கப் பிள்ளைகள். வாசலுக்கு ஒன்று, இரண்டு. அம்மாக்கள் பக்கத்தில் குந்திக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் குனியவில்லை. எல்லா முகமும் வானத்தைப் பார்த்து. எல்லாக் கண்ணும் மூடி. மூக்கிலிருந்து உதடுவரை பழுப்பாக ஒரு கோடு.

கையிலிருந்த போனை மறுமுனையில் எடுத்தார்கள்.

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர். "எங்கேயாவது விளையாடினாளா?"

வாயைத் திறந்தாள்.

தெருவே சொன்னது.

"இல்ல டாக்டர்."