கங்கம்மாக்காவின் டம்ளரும் எங்கள் பேஸ் கிடாரும்

கிடார் வாசிக்கிறார் என்று சொன்னால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். பேஸ் கிடார் வாசிக்கிறார் என்று சொன்னால், "அப்படின்னா இன்னா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் டேவிட் வாசிப்பது பேஸ் கிடார். அதில் நாலே நாலு கம்பிகள்தான், ஆனால் நல்ல தடிக் கம்பிகள். தட்டினால் 'தொம்' என்று அடிவயிற்றில் கேட்கும். அந்த 'தொம்' இல்லாவிட்டால் பாட்டு எதன் மேல் நிற்கும்? இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் புரிவதில்லை.

நான் ஐடா. 1968இல் இது நடந்தபோது ஆறாம் வகுப்புப் படித்தேன். கோலார் தங்கவயலில் எங்கள் வீடு ஒரு லைன் வீடு. அதாவது சுரங்கத்து ஆட்களுக்காக ஒரே நீளச் சுவரை ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், மேலே தகரக் கூரை. எங்கள் வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டுக் கங்கம்மாக்கா "நூறு" என்று சொல்வார். லைனில் முக்கால்வாசி ஆண்களுக்குச் சுரங்கத்துக்குள் வேலை. எங்கள் அப்பாவுக்கு மட்டும் தங்கப் பாறையை அரைக்கும் மில்லில் வேலை. டேவிட் அண்ணனுக்கு எலெக்ட்ரிக் ஒர்க் ஷாப்பில் வேலை. இரண்டுமே தரைக்கு மேலே.

அந்த வாரம் சனிக்கிழமை, சர்ச் ஹாலில் டேவிட் அண்ணனின் குழுவுக்கு முதல் நிகழ்ச்சி. நோட்டீசெல்லாம் ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் வாசு அண்ணன் வந்தார். அவரும் பேஸ் வாசிப்பவர்தான், ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் வேறு குழு. இரண்டு பேஸ்காரர்கள் சேர்ந்தால் எங்கள் வீடு சந்தைக்கடைதான்.

"இன்னாடா இது, கம்பி இப்டி மந்தமா பேசுது? எப்போ மாத்துனே?" என்றார் வாசு அண்ணன்.

"மாத்தல. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தேன். அழுக்கெல்லாம் போயிடுச்சி. புதுசு மாதிரி கீது பாரு."

"எந்த சட்டியில?" என்று அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

டேவிட் அண்ணன் குனிந்து கம்பியை முறுக்க ஆரம்பித்தார். அம்மா கையில் ரசச் சட்டியோடு வெளியே வந்தார். "டேய்! இதுலயா? காலையில ரசத்துல இரும்பு வாசன வந்துச்சே, இதானா சங்கதி?"

அம்மா திட்டி முடித்ததும் இருவரும் ஆம்ப்ளிஃபயர் பற்றி ஆரம்பித்தார்கள். அண்ணனுடையது கல்யாண வீட்டு மைக் செட்டில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயர். வால்வு மாற்றி, ஒயர் மாற்றி, அண்ணனே உயிர் கொடுத்தார்.

"எங்களுது ஃபாரின் சரக்கு, தெரிமா?" என்றார் வாசு அண்ணன்.

"ஃபாரினா இருந்தா இன்னா? பாதிப் பாட்டுல சூடாகிப் படுத்துக்குதே. என்னுது விடிய விடிய ஓடும்."

"ஓடும் சரி, சவுண்டு எங்க? ஸ்பீக்கர் பொட்டியப் பின்னாடி தொறந்து வெச்சிகினு கீறே. பேஸெல்லாம் பின்பக்கமா ஓடிப்போவுது. பலகையடிச்சி மூடு. மூடிட்டு, சுவர் மூலையில தரையோட தள்ளி வெச்சிப் பாரு. அப்பால பேசு."

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பலகை அடித்தார்கள். பெட்டியை சிமென்ட் தரையில், கங்கம்மாக்கா வீட்டுச் சுவர் ஓரமாக மூலையில் ஒட்டித் தள்ளி வைத்தார்கள். அண்ணன் அடிக் கம்பியைத் தட்டினார்.

தொம்ம்ம்!

என் உள்ளங்கால் கூசியது. அலமாரித் தட்டுகள் கடகடவென்று ஆடின. கூரைத் தகரம் சேர்ந்து பாடியது. "அடி சக்கை!" என்று வாசு அண்ணன் குதித்தார். அண்ணன் இன்னும் பலமாகத் தட்டினார். நானும் குதித்தேன்.

அப்போது வெளியே ஒரு அலறல் கேட்டது. "பர்ஸ்ட்டு! பர்ஸ்ட்டு!"

தங்கவயலில் இந்தச் சொல் தெரியாதவர் கிடையாது. பூமிக்கு அடியில் பாரம் தாங்காமல் சில நேரம் பாறை வெடிக்கும். அதைத்தான் பர்ஸ்ட் என்போம். மேலே வீடுகள் ஆடும், பாத்திரங்கள் விழும். கீழே யார் மேல் பாறை விழுந்தது என்பது, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்குப் போனால்தான் தெரியும்.

நாங்கள் வெளியே வருவதற்குள் லைன் காலி. பெண்களெல்லாம் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். கங்கம்மாக்கா கையெல்லாம் ராகி மாவு, காலில் செருப்பில்லை. அவர் வீட்டுக்காரர் கோவிந்தன் மாமாவுக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட்.

"ஐயையோ, நாம தான்டா ஆட்டினோம்!" என்று அண்ணன் பின்னாலேயே ஓடினார். யார் காதில் விழும்?

ஷாஃப்ட் வாசலில் கெஞ்சி, அழுது, கீழே ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். அப்புறம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். பேச்சு வாங்கினோம், வாங்கினோம், அப்படி வாங்கினோம்.

"அந்தக் கருமாந்தரத்த ஒடச்சிப் போடு!" என்று கங்கம்மாக்கா கத்தினார்.

லைன் மேஸ்திரி நேசமணி ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். லைனில் குழாய் ரிப்பேர் முதல் சண்டை வரை எல்லாம் அவர் பொறுப்பு. "நாளைக்கு சாயங்காலம் வருவேன். அந்தப் பொட்டி இந்த வூட்ல இருக்கக்கூடாது. இருந்துச்சி, ஆபீசுல எழுதிக் குடுத்து வூட்டக் காலி பண்ண வெப்பேன்" என்றார்.

"ஐயா, சனிக்கிழம ப்ரோகிராம். வாசிச்சிப் பாக்க வேற எடம் இல்ல" என்றார் அண்ணன்.

"அந்த ஒண்ண மட்டும் வுட்டுட்டு மத்தத வாசிங்களேன். இன்னா கொறஞ்சிடப் போவுது?"

இன்னா கொறஞ்சிடப் போவுதா? எனக்குக் காது சுட்டது. அண்ணன் தலையைத் தொங்கப்போட்டு உள்ளே போய்விட்டார். இரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒன்றும் ஏறவில்லை. தினமும் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்களே, அப்போது வீடு ஆடவில்லையா? அதற்கு மேஸ்திரி யாரையாவது காலி பண்ணச் சொன்னாரா? கங்கம்மாக்காவிடம் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும். பையைக்கூட வைக்காமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, டெய்லி பிளாஸ்டிங் வெக்கும்போதும் தான் ஆடுது! அப்போ இன்னாத்துக்கு சும்மா இருக்கீங்க?"

கங்கம்மாக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அது டைமுக்கு வரும் பாப்பா. டைம் தப்பி ஆடுச்சினா தான் உயிர் போவுது" என்றார்.

அலமாரியைக் காட்டினார். ஒரு பித்தளைத் தட்டின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். "உங்க மாமா கீழ எறங்கினா இத வெப்பேன். லேசா ஆடினாகூட கிணுகிணுங்கும். எங்கண்ணன் பர்ஸ்ட்டுல போன அன்னிக்கு நான் தூங்கிட்டேன். எல்லாருக்கும் அப்பால தான் எனக்குத் தெரிஞ்சது. அன்னியிலேர்ந்து வெக்கிறேன்."

நான் கொண்டுபோன மற்ற கேள்விகளை விட்டுவிட்டேன். ஆனால் கோபம் போகவில்லை. வேறு பக்கம் திரும்பியது.

"யாருமே வந்து சொல்ல மாட்டாங்களாக்கா? நீங்க தான் ஓடணுமா?"

"யாரு வந்து சொல்லுவா? நாங்க தான் ஓடி ஓடிக் கேக்கணும்."

இது என்ன நியாயம்? எனக்கு அழுகையே வந்தது. பேஸையும் விட முடியாது, இந்த அக்காவை இன்னொரு முறை அப்படி ஓட வைக்கவும் முடியாது. என்னதான் செய்வது?

வெளியே வந்தேன். பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போக வாசு அண்ணன் வந்திருந்தார். சைக்கிள் டயர் பஞ்சர், தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். "காத்து இல்லாம ஏறி ஒக்காந்தேன். ஒவ்வொரு கல்லும் முதுகுல குத்துச்சி" என்று முனகினார்.

நான் சைக்கிளைப் பார்த்தேன். நேற்று என் உள்ளங்கால்தான் முதலில் கூசியது. அப்படியானால் ஆட்டம் தரை வழியாகத்தான் போயிருக்கிறது. நடுவில் காற்று இருந்தால்?

"அண்ணே! உங்கப்பா கடையில பழைய லாரி டியூப் கெடைக்குமா?"

"இன்னாத்துக்கு? ஏரியில நீச்சலா?" வாசு அண்ணனின் அப்பாவுக்கு டயர் கடை.

"பொட்டிக்கு அடியில போடணும். மூலையவிட்டு நடுவுல இழுத்து வெக்கணும்."

"மூலையில வெச்சா தான் சவுண்டு!" என்று இரண்டு பேஸ்காரர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"பாட்டு கேக்கறதுக்கு வாசிக்கிறீங்களா, வூட்ட ஆட்டறதுக்கு வாசிக்கிறீங்களா?" என்று நானும் கத்தினேன். வாசு அண்ணன் எங்கள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூப் வாங்கப் பறந்தார்.

அவர் வருவதற்குள் லைனில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல ஆடினாலும் ஆடும். ஆடினா அது நாங்க தான், பேஸ் கிடாரு. பயப்படாதீங்க, ஓடாதீங்க. முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்." சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கங்கம்மாக்கா வீடு. "அக்கா, உங்க டம்ளர நீங்க பாத்துக்கினே இருங்க. ஆடுதா இல்லியான்னு சொவுத்துக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லணும்."

கங்கம்மாக்கா என்னையே பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் பெட்டியைச் செங்கல் மேல் வைத்தோம். தொம்!

"ஆடுது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

செங்கலை எடுத்துவிட்டுக் கோணிப்பை மடித்துப் போட்டோம். தொம்!

"கொஞ்சம் ஆடுது!"

லாரி டியூப் வந்தது. காற்றடித்து, அறை நடுவில் போட்டு, மேலே ஒரு பலகை, அதன் மேல் பெட்டியை ஏற்றினோம். டேவிட் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக் கம்பியைத் தட்டினார். தொம்!

பதிலே இல்லை.

"அக்கா! ஆடுதா?"

"இன்னும் வாசிக்கவே இல்லியே!"

"வாசிச்சாச்சிக்கா!"

"அய்ய, நெசமாவா? டம்ளரு செல மாதிரி நிக்குது!"

அண்ணன் முழுப் பாட்டையும் வாசித்தார். வாசு அண்ணன் சுவரில் கை வைத்துப் பார்த்தார், தரையில் காது வைத்துப் பார்த்தார். "மூலையில வெச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் நேசமணி மேஸ்திரி வந்தார். "இன்னும் எடுக்கலியா? சொன்னா அறிவு வேணாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கங்கம்மாக்கா வெளியே வந்து நடுவில் நின்றார். "இன்னாத்துக்கு எடுக்கணும்? உள்ள வந்து டம்ளரப் பாரு மேஸ்திரி. ஒரு ஆட்டம் கிடையாது."

"நேத்து நீ தானே ஒடைக்கச் சொன்னே?"

"நேத்து சொன்னேன். இன்னிக்கி இந்தப் பொண்ணு வூடு வூடா வந்து, 'ஆடினா நாங்க தான், பயப்படாதீங்க'ன்னு சொன்ன அப்பால தான் கம்பியத் தொட்டாங்க. எங்க வூடு எத்தினி தபா ஆடியிருக்கு! ஆடின அப்பாலகூட யாராச்சும் வந்து எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? டைம் ஆபீசுல போன் கீது. ஷாஃப்ட்டுக்குப் பேசிக் கேட்டு வந்து சொன்னா கொறஞ்சா போயிடுவே?"

மற்ற வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரி எல்லார் முகத்தையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "சரி, வாசிங்க" என்று முணுமுணுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நான் மறுபடியும் வீடு வீடாகப் போய், முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் எங்கள் லைன் முழுவதும் இருந்தது. டேவிட் அண்ணன் சட்டையெல்லாம் வியர்வையாக வாசித்தார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் பாடியவருக்குத்தான் கை தட்டினார்கள். கங்கம்மாக்கா மட்டும் எழுந்து நின்று, "டேவிட்டு, அந்த தொம் தொம் சூப்பரு!" என்று கத்தினார்.

கொஞ்ச நாள் போயிற்று. ஒரு மத்தியானம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அலமாரியிலிருந்து தட்டுகள் சரிந்து விழுந்தன. பக்கத்து வீட்டில் டம்ளர் உருண்டோடும் சத்தம் கேட்டது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். இது பேஸ் இல்லை.

வெளியே ஓடினேன். கங்கம்மாக்கா தெருவில் நின்றார். மாமா கீழே இருந்தார். அக்கா ஓட ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள்.

தெருமுனையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. நேசமணி மேஸ்திரி! ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தார்.

"ஓடாதீங்க! போன் போட்டுக் கேட்டுட்டேன்! நம்ம ஷாஃப்ட்டுல ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல! எல்லாரும் பத்திரமா கீறாங்கன்னு கீழேர்ந்து போன்ல சொல்லிட்டாங்களாம்! கங்கம்மா, உன் வூட்டுக்காரன் நல்லா கீறான்!"

கங்கம்மாக்கா நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்தார். சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார்.

மேஸ்திரி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். கடைசியாக மூச்சிரைக்க எங்கள் வாசலுக்கு வந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஐடா, மொதல்ல உங்க பேஸோன்னு தான் நெனச்சேன்."

எனக்கு வந்ததே கோபம்! "எங்களுதா இருந்தா, ஆடறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்க மாட்டோமா?" என்று கேட்டுவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினேன்.