தேதி தப்பு

பிளஸ்ஸி இறந்து அன்றோடு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று ஊர் கணக்குச் சொன்னது. பிரிஸ்கில்லாவின் கணக்கில் முந்நூற்று அறுபத்து நான்கு.

அந்த ஒரு நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசுகிற பழக்கமே அவளுக்குக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு மணிப் பேருந்தைப் பிடித்து, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் சுவரொட்டியில் பிளஸ்ஸி சிரித்துக்கொண்டிருந்தாள். முதலாம் ஆண்டு நினைவு. மண்ணில் என்று ஒரு தேதி, விண்ணில் என்று ஒரு தேதி. விண்ணுக்கு நேராக ஏப்ரல் 17. அந்தப் படம் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எடுத்தது. பிரிஸ்கில்லாவை வெட்டியிருந்தார்கள். பிளஸ்ஸியின் தோளில் அவளுடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

செத்தும் இவள்தான் சுவரில், என்று நினைத்தாள். நினைத்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேண்டேஜ் துணிக் கிடங்கு ஒன்றின் மாடியில் அந்தச் சமூக வானொலி நடந்தது. படியேறும்போதே பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறும். ஒலிப்பதிவு அறையின் சுவர்களில் கழிவுப் பஞ்சைத் திணித்து, மேலே வெள்ளைப் பேண்டேஜ் துணியை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். கதவுக்கும் அப்படியே. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் அது அசையும். சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது.

தினமும் காலை ஏழேகாலுக்கு 'இதே நாளில்' என்று பத்து நிமிட நிகழ்ச்சி. அந்தத் தேதியில் நடந்தவை, பிறந்தவர்கள், மறைந்தவர்கள். வேதியியல் படித்த பிரிஸ்கில்லா மூன்று வருடம் அதை எழுதினாள். ஒரு தேதியை எழுத மூன்று புத்தகம் புரட்டுவாள். பிளஸ்ஸி அதை வாசித்தாள். "பிளஸ்ஸி பொண்ணு எம்புட்டு அழகா எழுதி வாசிக்கா" என்று பேருந்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். முன் இருக்கையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிரிஸ்கில்லா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள்கூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

பிளஸ்ஸியின் குரல், சூடான பாலில் சர்க்கரை கரைகிற மாதிரி. ஆனால் தேதிகளைத் தப்பாக வாசிப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பிரிஸ்கில்லா பொத்தானை அமுக்கி, "தேதி தப்பு. மறுபடியும் வாசி" என்பாள். நாள் முழுக்க அவள் சத்தமாகச் சொல்கிற வாக்கியம் அது ஒன்றுதான். அதில் ஒரு சுகம் இருந்தது.

இன்னொரு தப்பையும் பிளஸ்ஸி விடாமல் செய்தாள். 'இறந்தார்' என்று எழுதியிருந்தால் 'நித்திரையடைந்தார்' என்று வாசிப்பாள்.

"ஏட்டி, நியூட்டன் என்ன உங்க சபை மூப்பரா?"

"செத்தாருன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குடி. தூங்குதாருன்னு வச்சிக்கோ. பொறவு எந்திரிப்பாருல்ல."

இப்போது ஒரு வருடமாகப் பிரிஸ்கில்லாவே வாசிக்கிறாள். ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. ஒரு நேயர் கடிதமும் வந்ததில்லை.

மாடியில் நிலைய மேலாளர் காசிராஜன் ஒலி மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்து ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் பிளஸ்ஸியின் அப்பா ஏசுவடியான். மில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மடமடவென்று நின்றது.

"வா தாயி. ஒனக்காகத்தான் காத்துக் கெடக்கோம்."

"இன்னைக்கு மட்டும் சாயங்காலம் ஆறரைக்கு நேரலை," என்றார் காசிராஜன். "அண்ணாச்சி ஆசப்படுதாரு. மறைந்தவங்க பட்டியல்ல நம்ம பிளஸ்ஸி பேரையும் சேத்து வாசிச்சிரும்மா."

"பட்டியல்லயா சார்?"

"கடைசியிலதான்."

"பெரிய ஆளுக இருக்க எடத்துல எம்மவளுக்கும் ஒரு ஓரம்," என்றார் ஏசுவடியான். "அவளும் எழுதின பிள்ளதான."

பிரிஸ்கில்லா பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின். டாக்டர் ராதாகிருஷ்ணன். அடுத்து பிளஸ்ஸி. கல் கல்லாக அவள் கட்டிய பட்டியல் அது. பிறந்தவர்களிலும் சரி, மறைந்தவர்களிலும் சரி, அவள் பெயர் அதில் எந்தக் காலத்திலும் ஏறப்போவதில்லை.

"தேதி..." என்று ஆரம்பித்தாள்.

"தேதிக்கு என்ன தாயி?"

"ஒண்ணுமில்ல மாமா."

"பதினேழுதான். டாக்டர் சொன்னாருல்ல, சுகர் டக்குனு எறங்கிருச்சு, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், பிள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு. அந்த ஒரு வார்த்தையிலதான் அவ ஆத்தாளும் நானும் சோறு திங்கோம்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கெளம்பயில நல்லாத்தான இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தா மாமா."

பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பார். ஒரு எழுத்துப் பிசகாமல் அவளும் இதையே சொல்வாள். போன வருடம் அந்த இரவு பிளஸ்ஸி ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரிஸ்கில்லா வீட்டில் தங்குவதாக இருந்தது. அதனால் அப்பா தேடவில்லை. "மனசு மாறி ஒங்க வீட்டுக்கே போயிட்டான்னு நெனச்சேன் மாமா" என்று மறுநாள் பிரிஸ்கில்லா சொன்னாள். அதையும் அவர் நம்பினார்.

ஆறு இருபதுக்கு ஒலிப்பதிவு அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பால் சுண்டுகிற வாசனை.

முதலில் அவள் அதை நம்பவில்லை. பிளீச்சிங்கும் பழைய பஞ்சும் கலந்த வாசனைதான் அந்த அறையில் எப்போதும் இருக்கும். இதுவோ அடிபிடிக்காமல் கிண்டிக் கிண்டி, பால் கட்டியாகி, சர்க்கரை விழுந்து, நெய் கசிகிற நேரத்து வாசனை. அவள் ஊரில் கோயில் தெருக்கடைகளைத் தாண்டும்போது சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிற வாசனை.

மைக் பக்கம் குனிந்து, "சார், யாரும் பால்கோவா வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஊர்க்காரி நீதாம்மா கொண்டாரணும். ஒரு வருசமாக் கண்ணுலயே காட்டல." ஸ்பீக்கரில் காசிராஜன் சிரித்தார்.

உண்மைதான். ஒரு வருடமாக அவள் அதை வாங்கவில்லை.

வெளியே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கோடை மழை. அந்த அறைக்குள் இடி கேட்காது. நாற்காலியின் கால்களில் மட்டும் மெல்ல அதிர்ந்தது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. இன்வெர்ட்டரில் ஒரு சின்ன பல்பும் மேலே சிவப்பு விளக்கும் மிஞ்சின. நடுவிலிருந்த கண்ணாடியில் பாதி அந்தப் பக்கம் தெரிந்தது. பாதி அவள் முகம் தெரிந்தது.

ஹெட்போனை எடுத்து மாட்டினாள். காது வைக்கிற இடம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி. லேசாக வியர்வை ஈரம்கூட.

காசிராஜன் கையைத் தூக்கி இறக்கினார்.

"வணக்கம். இதே நாளில், ஏப்ரல் பதினேழு." தொண்டை எப்போதும்போல் அடைத்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு இதே நாளில், பழுதான அப்போலோ பதின்மூன்று விண்கலத்திலிருந்து மூன்று பேரும் உயிரோடு பூமிக்குத் திரும்பினார்கள்."

வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது.

தன்னுடையதுதான் என்று நினைத்தாள். மைக் அருகில் இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வரியை வாசித்துவிட்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

மூச்சு வந்துகொண்டேயிருந்தது. மெதுவாக. ஈரமாக. நீண்ட இடைவெளி விட்டு.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்.

போன வருடம் இதே நாளில், இதே நேரத்துக்குச் சற்று முன்னால், காசிராஜன் கிருஷ்ணன்கோவிலுக்கு ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தார். மறுநாள் காலைக்கான பகுதியைப் பிளஸ்ஸி உள்ளே வாசித்தாள். கண்ணாடிக்கு வெளியே பிரிஸ்கில்லா பதிவுசெய்தாள். அவள் பையில் அரைக் கிலோ பால்கோவா இருந்தது. பிளஸ்ஸி வாங்கி வரச் சொன்னது. மறுநாள் மதுரையில் ஒரு பெரிய வானொலியில் அவளுக்கு நேர்காணல், அங்குள்ள அதிகாரிக்குக் கொடுக்க. "எனக்குத்தான் ஊசியும் மாத்திரையும். இனிப்பத் தொட முடியாது. தின்னுட்டு நிம்மதியா இருக்க நீ குடுத்து வச்சவடி" என்று சிரித்தாள். மேசைமேல் மதுரைக் கடிதம் கிடந்தது. பிரிஸ்கில்லா அதை வாசித்தாள். 'எழுதி வழங்குபவர்: செல்வி பிளஸ்ஸி.'

எழுதி வழங்குபவர்.

"ஐன்ஸ்டீன் நித்திரையடைந்த நாள்," என்று உள்ளே குரல் போய்க்கொண்டிருந்தது. "கடைசியா அவர் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த நர்சுக்கு அந்த மொழி தெரியாது." அதற்குப் பிறகு குரல் குழறியது. தேதி தப்பியது. வருடம் தப்பியது. பிரிஸ்கில்லா பொத்தானை அமுக்கினாள். தேதி தப்பு. மறுபடியும் வாசி. மறுபடியும் தப்பியது. மறுபடியும் அமுக்கினாள். பிளஸ்ஸி நாற்காலியிலிருந்து வழிந்து தரைக்குப் போனாள்.

பிரிஸ்கில்லா பையோடு உள்ளே போனாள். பிளஸ்ஸிக்கு நெற்றி முழுக்க வியர்வை. கை நடுங்கியது. ஊசி போட்டவள், சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். என்ன செய்ய வேண்டும் என்று அறிவியல் படித்தவளுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒரு வாய் இனிப்பு. அவ்வளவுதான்.

அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை. ஒரு வருடமாக நினைப்பு அந்தக் கதவு வரை வரும். அங்கே நின்றுவிடும்.

"மறைந்தவர்கள்," என்று வாசித்தாள். "ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு, பெஞ்சமின் ஃபிராங்க்ளின். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, டாக்டர் ராதாகிருஷ்ணன்."

மூச்சு பக்கத்தில் வந்தது.

போன வருடம் மறுநாள் காலை ஆறரைக்கு எல்லாருக்கும் முன்னால் அவள்தான் வந்தாள். கணினி அப்போதும் பதிவுசெய்துகொண்டிருந்தது. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். திரையில் நீளமாக ஒரு கோடு. கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். மேடு இருந்த இடமெல்லாம் அவள் கேட்டாள். மூச்சு. கதவின் பஞ்சை நகம் பிறாண்டுகிற சத்தம். மூச்சு. கடைசி மேடு அதிகாலை இரண்டு நாற்பதில் இருந்தது. அதன் பிறகு கோடு நேராகப் போனது. அந்தப் பதிவை அழித்தாள். கணினியின் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தாள். பிறகுதான் கத்தினாள்.

"அடுத்ததாக," என்றாள். ஏசுவடியான் நாற்காலி நுனிக்கு வந்தார். "நம் நிலையத்தின் செல்வி பிளஸ்ஸி. சென்ற ஆண்டு ஏப்ரல் பதினேழு."

ஹெட்போனில் பொத்தான் அமுக்குகிற 'டிக்'.

"தேதி தப்பு. மறுபடியும் வாசி."

காசிராஜனின் கை பொத்தானில் இல்லை. மடியில் இருந்தது.

"ஏப்ரல் பதினேழு," என்றாள்.

"தேதி தப்பு."

பால் வாசனை. தொண்டை வரை.

"பதினேழு."

"ஏட்டி பிரிசி. மறுபடியும் வாசி."

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. பார்த்தாள். அவள் முகம். அதன் பின்னால் வெள்ளைச் சுவர். சுவரில் துணி புடைத்திருந்தது. உள்வாங்கியது. புடைத்தது. பஞ்சு மூச்சு விட்டது.

அவள் தோளில் நான்கு விரல்கள்.

நான்கு மட்டும். அவற்றின் பின்னால் கையில்லை. நகங்களுக்குள் பஞ்சு. விரல்கள் தோளை அழுத்தவில்லை. சேர்ந்து படம் எடுக்க நிற்கிற மாதிரி, சிநேகமாக, சும்மா கிடந்தன.

தேதி தப்பு. ஒரு வருடமாக ஒரே ஒரு தேதி தப்பு. அவள் எழுதியதில் ஒன்றே ஒன்று.

பிரிஸ்கில்லா வாயைத் திறந்தாள். தொண்டை அடைக்கவில்லை. சொல்லத் தொடங்கியதும், கண்ணாடிக்கு அப்பால் ஏசுவடியான் விருட்டென்று எழுந்தார். நாற்காலி சத்தமில்லாமல் பின்னால் விழுந்தது. செத்த மகளின் குரலைக் கேட்டவரின் முகம் அது. பாலில் சர்க்கரை கரைகிற குரல் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. சொற்கள் மட்டும் பிரிஸ்கில்லாவுடையவை, எப்போதும்போல.

"ஒரு திருத்தம். பிளஸ்ஸி நித்திரையடைந்தது பதினேழு அல்ல, பதினெட்டு. விடிவதற்கு முன், இரண்டு நாற்பது. முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு, பிரிஸ்கில்லா பால்கோவாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு இந்தக் கதவைச் சாத்தியபோது, அவள் உயிரோடு இருந்தாள். கை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்."