வலது பக்கத்து வைப்பர்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த மத்தியான நேரம். ராஜபாளையத்தில் ஜெயபாயின் கார் உதிரிச்சாமான் கடைக்குள் டாக்ஸி டிரைவர் கருத்தையா வந்து நின்றான். கையில் ஒரு வைப்பர். செத்த கோழியைத் தூக்கி வந்தவன்போல அதைப் பிடித்திருந்தான்.

"அக்கா, ஒங்க கடையில வாங்கிப் போட்ட ரப்பர். ரெண்டாவதும் போச்சு."

ஜெயபாய் அதிகம் பேச மாட்டாள். கார் ஸ்டாண்டில் களவுபோன ஸ்டெப்னி டயரைக் கடையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். அவளுடைய புருஷன் சோலைராஜ் வேறு மாதிரி. விசாரிப்பதற்கு முன்னாலேயே ஆளைப் பிடித்துவிடுவார். பிடித்த ஆள் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

"ஒக்காரு தம்பி. மொதல்லருந்து சொல்லு."

"மழை இல்லாதப்ப ஒண்ணும் தெரியல. மழையில போட்டா கண்ணாடி பால் வடிஞ்ச மாதிரி மங்கிப்போகுது. நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற வழியில ஒரு கல்யாண வீட்டு வாசல்ல கட்டியிருந்த வாழைமரத்தைச் சாச்சிட்டேன். அதுல பாருங்க, நான் ஆளு ஏத்திட்டுப் போனது வேற கல்யாணத்துக்கு."

சோலைராஜ் சிரித்துவிட்டார். "ரெண்டு வீட்டுலயும் திட்டா?"

"ஒரு வீட்டுல திட்டு. இன்னொரு வீட்டுல, எங்கடா மாப்பிள்ளையோட மாமான்னு தேடிட்டு இருந்தாக. அவரு எங்கூட வாழைமரத்துக்கு அடியில இருந்தாரு." கருத்தையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மொதலாளி இருளப்பசாமி சாவியைப் பிடுங்கிக்கிட்டாரு. கண்ணாடியத் தொடைக்கத் தெரியாதவனுக்கு என்னலே ஸ்டீரிங்குன்னுட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பொண்ணழைப்புச் சவாரி. அதுக்கு வேற டிரைவரு, முத்துராமலிங்கத்தைக் கூப்பிட்டிருக்காரு. அவன் ஏறி ஒக்காந்துட்டா பொறவு எனக்கு அந்த வண்டி இல்லக்கா."

"ஆள் கிடைச்சிட்டான்!" என்று சோலைராஜ் எழுந்தார். "முத்துராமலிங்கம்! ஒன் வேலைக்கு ஆசைப்பட்டுக் கண்ணாடியில எண்ணெயத் தடவிட்டான்."

"நீங்க செத்த நேரம் சும்மா இருங்க," என்றாள் ஜெயபாய். வைப்பர் ரப்பரை விரலால் வருடி மோந்து பார்த்தாள். "ஒனக்கு இதுல வாசனை தெரியலையா?"

"பொடி போடுத மூக்கு இது, அக்கா. ரோசாப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

"வேப்பெண்ணெய்."

"ஏட்டி, முத்துராமலிங்கம் கொசுவுக்கு வேப்பெண்ணெய்தான் தடவுதான்! நான் கண்ணால பாத்திருக்கேன்!"

ஜெயபாய் அவரைப் பார்க்காமல் கேட்டாள். "கருத்தையா, மங்குறது கண்ணாடி பூராவுமா?"

"வைப்பர் ஓடுற எடம் மட்டும். வில்லு மாதிரி. அதுவும் என் பக்கம் மட்டும்தான். இடது பக்கம் பளிங்கு. நானும் பொகையிலை தேச்சேன், வெங்காயத்தை வெட்டித் தேச்சேன். வீட்டுல கொழம்புக்கு வெங்காயம் இல்லாமப் போனதுதான் மிச்சம்."

"சரி. வண்டியப் பாப்போம்."

இருளப்பசாமியின் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அம்பாசிடர் நின்றது. ஷெட் குறுகல். வண்டியின் இடது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. இருளப்பசாமி தொந்தியைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய வெள்ளை நாய் ஓடி வந்து ஜெயபாயின் சேலையில் உரசியது. பளபளவென்ற நாய். தடவிக்கொடுத்துவிட்டு ஜெயபாய் தன் கையை மோந்து பார்த்தாள்.

கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் சந்தனப் பொட்டு இருந்தது.

"இது யாரு வச்சது?"

"நாந்தான், வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை," என்றாள் முதலாளியின் மனைவி அங்காளம்மாள். ஒல்லியான அம்மாள்.

ஜெயபாய் வலது வைப்பரை மாட்டும் கம்பிக் கையை விரலால் தூக்கினாள். சத்தமில்லாமல் எழுந்தது. "இந்த மூட்டுக்கு நீ எண்ணெய் விட்டியா, கருத்தையா?"

"இல்லக்கா. ரெண்டும் கிரீச்சின்னுதான் கெடக்கும்."

"இடது பக்கத்த நான் பாக்கேன்!" என்று சோலைராஜ் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நுழைந்தார். கதவுக் கைப்பிடி வரை போனார். அதற்கு மேல் வயிறு போகவில்லை. பின்னாலும் வர முடியவில்லை. கருத்தையா கையையும் முதலாளி சட்டையையும் பிடித்து இழுத்ததில் சட்டைப் பொத்தான் மூன்று தெறித்து அவர் வெளியே வந்தார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க," என்றாள் ஜெயபாய். அவள் நிஜமாகவே சொன்னாள். "முத்துராமலிங்கத்தைக் கூட்டிட்டு வாங்க."

முத்துராமலிங்கம் வந்தான். மூங்கில் குச்சிக்குச் சட்டை போட்டதுபோல இருந்தான். சோலைராஜ் அவன் கையை விடவே இல்லை.

"கண்ணாடியில எண்ணெய் ஊத்தியிருந்தா பூராவும் மங்கியிருக்கும்," என்று ஜெயபாய் தொடங்கினாள். "வைப்பர் ஓடுற எடம் மட்டும் மங்குது. அப்ப எண்ணெய் ரப்பர்ல இருக்கு. கருத்தையா தெனமும் கண்ணாடியத்தான் கழுவுதான், ரப்பரை இல்ல. அதான் புது ரப்பர் போட்டும் தீரல. யாரோ திரும்பத் திரும்பத் தடவுதாங்க."

"இவன்தான்!"

"கெடுக்க வந்தவன் மூட்டுக்கு எதுக்கு எண்ணெய் விடுதான்? கிரீச்சுச் சத்தம் போகணும்னு பாத்துப் பாத்து விட்டிருக்கு. இது பகையில செஞ்சதில்ல, பாசத்துல செஞ்சது."

இருளப்பசாமி தொண்டையைச் செருமினார்.

"பாசக்காரரு வலது வைப்பருக்கு மட்டும் ஏன் தடவுனாரு? இடது வைப்பர்கிட்டப் போக அவரால முடியல. முத்துராமலிங்கம் அந்தச் சந்துல ரெண்டு தடவ போயிட்டு வருவான். அங்காளம்மாக்கா அந்தப் பக்கமும் பொட்டு வச்சிருக்காக. என் வீட்டுக்காரர் மாதிரி வயிறு உள்ளவருக்குத்தான் போக முடியாது. இந்த வீட்டுல வேப்பெண்ணெய் எங்க இருக்குன்னு நாயைத் தொட்டாத் தெரியும்."

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். பிறகு தொந்தியைப் பார்த்தார்கள்.

"உண்ணி வரக் கூடாதுன்னு நாய்க்குத் தேய்ப்பேன்," என்றார் இருளப்பசாமி. "கையில மிச்சம் இருக்கும். வீணாப் போகுதேன்னு... வெயில்ல ரப்பர் வெடிக்கே, பாவம். நாய்க்குத் தோல் எம்புட்டு நல்லாயிருக்கு!"

"இருவது வருசமாத் தலைவலிங்கேன்," என்றாள் அங்காளம்மாள். "ஒருநா எனக்குத் தைலம் தேச்சு விட்டிருக்கீகளா? வைப்பருக்குத் தேச்சிருக்கீக!"

"ரப்பருக்குச் சோப்புத் தண்ணியும் ஈரத்துணியும் போதும் அண்ணாச்சி," என்றாள் ஜெயபாய். "வெயில்ல நிறுத்துனா வைப்பர் கையைக் கண்ணாடியில படாமத் தூக்கி விடணும். அம்புட்டுத்தான்."

கருத்தையா சோப்புப் போட்டு ரப்பரையும் கண்ணாடியையும் கழுவி, கையோடு கொண்டுவந்திருந்த வைப்பரைத் திரும்ப மாட்டினான். சோலைராஜ் ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடியில் கொட்ட, முதலாளி சாவியைப் போட்டு வைப்பரை ஓட விட்டார். இரண்டு துடைப்பில் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பல்லி தெரிந்தது.

இருளப்பசாமி சாவியை உருவினார். யார் முகத்தையும் பார்க்காமல் கருத்தையாவின் கையில் வைத்தார். "பொண்ணு வீட்டுல காத்திருப்பாக. வெரசாப் போ."

"அப்ப நான் திருடனும் இல்ல, எனக்குச் சவாரியும் இல்ல," என்றான் முத்துராமலிங்கம். "கையையாச்சும் விடுங்கண்ணே."

"இப்போதைக்கு விடுதேன்," என்றார் சோலைராஜ்.

தூறல் ஆரம்பித்தது. வண்டி ஷெட்டை விட்டு நகரும்போது இருளப்பசாமியின் கை தானாகவே வைப்பரை நோக்கி நீண்டது. கருத்தையா கண்ணாடிக்கு உள்ளிருந்து, முதல்முறையாக, முதலாளியைப் பார்த்து விரலை ஆட்டினான்.

அவர் கையை மடக்கிக்கொண்டு வழிவிட்டு நின்றார்.