நாகமுத்தர் விதி

கிரீன்லாந்தின் தென்கரையில் வெறுங்கையால் மண்ணைத் தொடுவது, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு நிகரான குற்றம். பனி உருகி வெளிப்பட்ட மண் அது. பல்லாயிரம் ஆண்டுகள் உறைந்து கிடந்ததால் அதில் உயிர் இல்லை. தொடும் கையிலுள்ள நுண்ணுயிர்களே அங்கே குடியேறும். சில கைகள் பட்டால் மண் பிழைத்தது. சில கைகள் பட்டால் செடி கருகியது. இது தெரிந்ததும் மண்காப்பு வாரியம் சட்டம் போட்டது: இந்தக் கரையில் பிறவாதவர்கள் அனைவரும் கையுறை அணிய வேண்டும்.

நாகமுத்தர் அணியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மகன் பிரதீபனோடு வந்து, மீன்கழிவையும் கடற்பாசியையும் மக்கவைத்து, இரசாயனம் ஒரு துளி சேர்க்காமல், கண்ணாடிக் கூரையின் கீழ் கத்தரியும் பயிற்றங்காயும் விளைவித்தார். துறைமுகச் சந்தையில் சனிக்கிழமை பத்து மணிக்குள் அவருடைய கூடைகள் காலியாகிவிடும். வாரியம் இரண்டு முறை தோட்டத்தைப் பூட்டி முத்திரை வைத்தது. இரண்டு முறையும் வழக்காடித் திறந்தார்.

"கையை ஒளிக்கிறதுக்கு நாங்கள் களவே எடுத்தனாங்கள்?" என்று மன்றத்தில் கேட்டார். "ஐஞ்சு தலைமுறையா எங்கட குடும்பத்துக் கை ராசியான கை. பிறப்பைப் பாக்காதேங்கோ. கையை அளந்து பாருங்கோ."

வழக்கின் மூன்றாம் ஆண்டில் மன்றம் இணங்கியது. கையிலுள்ள நுண்ணுயிர் மண்ணுக்கு எவ்வளவு உகந்தது என்று அளக்கும் கைமானி என்ற கருவி வந்தது. நூற்றுக்கு அறுபது பெறும் கை, எங்கே பிறந்ததாயினும், மண்ணைத் தொடலாம். பெறாத கை, எங்கே பிறந்ததாயினும், தொடக் கூடாது. ஊரார் அதற்கு நாகமுத்தர் விதி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் அளவையைத் தம் தோட்டத்திலேயே, நாலுபேர் பார்க்க நடத்தச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கரையிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. மருமகள் நிரோஜா தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரதீபன் தகப்பனைக் கேளாமல் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஆறு வருடமாகக் காய் கழுவினாள், நிறுத்தாள், விற்றாள். கன்று நட மட்டும் அவளுக்கு அனுமதியில்லை. அது குடும்பத்துக் கையின் வேலை. நாகமுத்தர் அவளோடு நேரே பேசுவதும் இல்லை. மகன் மூலமாகவே சொல்லி அனுப்புவார்.

வாரியத்து அதிகாரி இவாலு கைமானியின் கண்ணாடிப் பெட்டியை மேசையில் வைத்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் வலக்கரத்தை உள்ளே வைத்தருள்க" என்றது அவள் கழுத்தில் தொங்கிய மொழிமாற்றி.

"உந்த மெசின் கோயில் அறிவித்தல் மாதிரியெல்லோ கதைக்குது" என்றார் பின்வரிசையில் இருந்த சின்னராசா. எல்லோரும் சிரித்தார்கள். நாகமுத்தர் கையை வைத்தார்.

பதினொன்று.

"மெசின் பிழை" என்றார்.

இவாலு ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கி, வேரைப் பெட்டிக்குள் வைத்தாள். "இவ்வேரில் வாழ்வது தங்கள் கரத்தின் உயிரன்று. வேறொரு கரத்தினது. தொண்ணூற்று நான்கு."

எல்லோரும் பிரதீபனைப் பார்த்தார்கள். அவனும் கையைப் பெட்டிக்குள் வைத்தான். முப்பதைத் தாண்டவில்லை. நிரோஜா தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மாமா, நீங்கள் நடுற கன்று மூண்டாம் நாள் வாடும். நீங்கள் மத்தியானம் கண்ணயரேக்கை நான் பிடுங்கி, மண்ணைப் பிசைஞ்சு திருப்பி நடுறனான்."

"எத்தினை கன்று?"

"எல்லாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நட விட்டிருப்பியளே?"

இவாலு நாகமுத்தரிடம் ஒரு சோடி கையுறையை நீட்டினாள். "தாங்கள் கோரிய விதியே இது, ஐயா. மறுத்தால் தோட்டத்தின் அனுமதி நீங்கும். அந்தத் தொண்ணூற்று நான்கு யாருடைய கரம் என்றும் நான் எழுத வேண்டும்."

"எங்கட குடும்பத்துக் கை" என்றார் நாகமுத்தர். "அப்பிடியே எழுதுங்கோ."

"கையுறையைப் போடுங்கோ அண்ணை" என்றார் சின்னராசா. "இல்லாட்டித் தோட்டம் போயிடும். ஆறு வருசத்துப் பாடு."

நாகமுத்தர் கையுறையைப் பார்த்தார். கையை ஒளிக்கச் சொல்லி வாரியம் அவரை மூன்று வருடம் வற்புறுத்தியது. அவர் ஒருத்தியை ஆறு வருடம் ஒளிக்க வைத்திருந்தார். அவளும் களவெடுக்கவில்லை.

கையுறையை மடித்து, இரண்டு கையாலும் இவாலுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"என்ர கை ராசியில்லாத கை. அதையும் எழுதுங்கோ. எண்டாலும் ஒளிக்க மாட்டன். உந்தச் சட்டத்திலையிருந்து என்ர பேரை எடுங்கோ. இதுக்கும் வழக்காடுவன்."

நாற்றுத் தட்டிலிருந்து ஒரு கத்தரிக் கன்றை எடுத்துக்கொண்டு மண்ணில் முழந்தாளிட்டார். முதுகு வளையவில்லை.

"பிள்ளை" என்றார். அவளை அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "பின்னால வந்து பிடுங்கிற வேலை இனி வேண்டாம். இஞ்சை வா. மண்ணைப் பிசைஞ்சு தா."

"வாடினா, மாமா?"

"எல்லாரும் பாக்க வாடட்டும்."

நிரோஜா எதிரே அமர்ந்து கையை மண்ணுக்குள் விட்டாள். குற்றம் செய்த கையை அளந்து பதிய இவாலு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரே குழிக்குள் இரண்டு கைகள் மண் பூசி ஒன்றையொன்று பிரித்தறிய முடியாமல் கிடந்தன.

பெட்டியில் ஒரு கைக்குத்தான் இடம் இருந்தது.