எல்லைப் பட்டையில் கால்தடம்

"மான் காலடிதான்டி, சொன்னாக் கேளு!"

"மானுக்கு அஞ்சு விரலா? அதுவும் வெறுங்காலோட—"

"கத்தாதே கெனியா, ரோந்து சார்ஜெண்ட் காதுல விழுந்தா—"

"விழட்டும்! நீ கல்லறை மேல ஏர் ஓட்டுனதும் சேர்ந்து விழட்டும்!"

யூலியான் மனைவியைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போர் முடிந்ததும் நாட்டின் எல்லை பூக் ஆற்றுக்கே வந்துவிட்டது. இங்கே இருந்த, வேறு மொழி பேசும் பழைய ஊர்க்காரர்களை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். அக்கரையில் வீட்டைப் பறிகொடுத்து வந்த யூலியானுக்கும் கெனியாவுக்கும், அப்படிக் காலியான வீடொன்று கிடைத்தது. கரையோரமாக ஒரு பட்டை நிலத்தை உழுது, பரம்படித்து மண்ணைச் சமமாக்கி வைப்பது யூலியானின் வேலை. யாராவது எல்லை தாண்டினால் தடம் பதியுமே, அதற்காக. பட்டை நேராக ஓடவேண்டும் என்றார்கள் எல்லைக் காவலர்கள். நடுவில் பழைய ஊர்க்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருந்தது. சிலுவைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உழுதான்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் தடங்கள். ஆற்றிலிருந்து வரவில்லை. பட்டையின் நடுவிலேயே தொடங்கி, இந்த வீட்டை நோக்கி வந்தன. ரோந்து வருவதற்குள் அவன் பரம்படித்து அழித்துவிடுவான்.

"சொன்னா, யாரை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு கேப்பாங்க. வீட்டைப் பிடுங்கிட்டு வண்டியேத்துவாங்க. இன்னொரு வாட்டி மூட்டை கட்ட என்னால ஆகாதுடி."

"எனக்கு மட்டும் ஆகுமா?" அவள் லாந்தரை எடுத்தாள். "வா, இன்னைக்கு நானும் பாக்கறேன்."

வெளியே மூடுபனி. காற்றே இல்லை, ஆனாலும் நாணல் சரசரத்துக்கொண்டே இருந்தது. லாந்தரைத் தாழ்த்திப் பட்டை நெடுகப் பார்த்தார்கள்.

ஒரு தடம்கூட இல்லை.

"பாத்தியா, நின்னுபோச்சு!" யூலியான் சிரித்தேவிட்டான். "உன் வாய்க்குப் பயந்து ஓடிடுச்சுங்க."

கெனியா சிரிக்கவில்லை.

"ஏய்யா, நீ தினம் அழிச்சதெல்லாம் வீட்டுப் பக்கம் வந்த தடம். திரும்பிப் போனது ஒண்ணாவது இருந்துச்சா?"

யூலியான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இருவரும் வேகமாக நடந்தார்கள். பிறகு ஓடினார்கள்.

சும்மா சாத்திவிட்டு வந்த கதவு, உள்ளே தாழிட்டிருந்தது.

புகைபோக்கியில் புகை தடித்திருந்தது. யாரோ விறகு போட்டிருக்கிறார்கள். வெந்த பீட்ரூட் வாசனை. அதற்கடியில் ஈரமண் வாசனை. பெஞ்சு இழுபட்டது. பலர் நெருக்கி உட்காருவதுபோல் மரம் முனகியது. தாழ்ந்த குரலில் ஏதேதோ பேச்சு.

யூலியான் தட்டினான். தன் வீட்டுக் கதவை.

பேச்சு நின்றது.

காலடி ஒன்று கதவுவரை வந்தது. ரயிலேற்றப்பட்டவர்களின் மொழியில், கோபமே இல்லாமல், ஒரு பெண்குரல் கேட்டது:

"யாரு நீங்க? எங்க வீட்டுல உங்களுக்கு என்ன வேணும்?"